கூழுக்கு ஆள் வேண்டும்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நல்ல சமையலுக்குக் குறைவில்லை, கூழ்தான் அருகிவிட்டது. காலி வீதிக் கடையில் ஒடியல் மா கிடைக்கிறது, சந்தையில் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் வாங்கலாம். இல்லாதது ஆள். இரண்டு பேருக்கென்று அளந்து காய்ச்சியதை நான் கூழ் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். கைப்புப் போக மாவை ஊறவைத்து வடிக்க ஒருவர், நண்டு உடைக்க ஒருவர், செத்தல் மிளகாய் அரைக்க ஒருவர், உறைப்புக் காணாதென்று குறை சொல்ல இன்னொருவர் (இவர் ஒரு வேலையும் செய்யார், கோப்பையை மட்டும் முதலில் நீட்டுவார்) வேண்டும். 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, சிலிண்டர் மிச்சமிருந்த வீட்டில் எங்கள் மாடியே கூடிச் சமைத்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும் கதவுகளைச் சாத்திக்கொண்டோம். கொட்டாஞ்சேனைச் சிநேகிதி மட்டும் இன்னும் பஸ் ஏறி வருகிறாள், பானை எவ்வளவு பெரிதென்று விசாரித்துவிட்டு.