புண்ணியக் கணக்கில் நான்கு உயிர்கள்

2023 பிப்ரவரி 4. மறுநாள் தைப்பூசம். எங்கள் வாணியம்பாடியிலே தனியார் ஒருவர் ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை வழங்கப்போகிறார், அதற்கான டோக்கன் இன்று கிடைக்கும் என்ற செய்தி குடிசைதோறும் எட்டிற்று. பெண்கள் திரண்டனர். கூட்டம் பெருகிற்று, நெரிசல் மூண்டது, நின்றவர் சாய்ந்தனர், சாய்ந்தவர்மீது பின்வந்தோர் வீழ்ந்தனர். நான்கு மூதாட்டிகள் மாண்டனர். சேலை வாங்கச் சென்றவர்கள் கோடித்துணி போர்த்தப்பட்டு வீடு திரும்பினர்! சேலைக்காகக்கூட அல்ல, தோழர்களே, சேலைக்கான சீட்டுக்காக!

மாண்டவர் குடும்பங்களுக்கு அரசு தலா 2 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஏடுகள் எழுதின. ஊர் இரண்டு நாள் பேசிற்று. மூன்றாம் நாள் மறந்தது.

“விதி முடிந்தது, போய்விட்டார்கள்” என்றார் என்னிடம் ஒரு பெரியவர். விதியாம்! துணிக்கடையிலே மின்விசிறியின்கீழ் அமர்ந்து, ஐம்பது சேலைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒன்றும் மனத்துக்குப் பிடிக்கவில்லை என்று எழுந்துபோகும் சீமாட்டியை இந்த விதி ஏன் தேடிச் செல்வதில்லை? கந்தல் கட்டியவளின் முகவரி மட்டும் அதற்கு எப்படித் தெரிகிறது? ஏழ்மை செய்த கொலையை ஏட்டிலே விதி என்று எழுதி முடிப்பது, நம் நாட்டிலே நெடுநாளாக நடந்துவரும் மோசடி.

வழங்க முன்வந்தவர் கொடியவர் என்று நான் கூறவில்லை. அவர் நெஞ்சிலே இரக்கம் இருந்திருக்கலாம். என் வழக்கு அவர்மீதன்று. கொடுப்பவனைப் புண்ணியவான் என்றும், வாங்குபவனைப் பாவப்பட்டவன் என்றும் பிரித்து வைத்து, அந்தப் பிரிவினைக்குத் தருமம் என்று பெயர் சூட்டி, கோயில் மணியடித்துக் கொண்டாடும் முறை இருக்கிறதே, அதன்மீதுதான் என் வழக்கு.

அந்தப் பெண்கள் ஏன் முண்டியடித்தனர்? பேராசையாலா? அல்ல. தருமத்திலே கணக்கு கொடுப்பவன் மனத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்கு, எப்போது, எதுவரை என்பதெல்லாம் அவன் திருவுளம். முந்தியவருக்கு உண்டு, பிந்தியவருக்கு இல்லை. தள்ளாத கிழவி இதை நன்கறிவாள். அறிந்ததால்தான் ஓடினாள். ஓடியதால்தான் வீழ்ந்தாள்.

இதே நாட்டிலே, பொங்கல்தோறும் நியாயவிலைக் கடையிலே வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. கோடிக்கணக்கானவர் பெறுகிறார்கள். அங்கே யாரும் யாரையும் மிதிப்பதில்லை. ஏன்? அங்கே மக்கள் திடீரென்று ஒழுக்கசீலர்களாகி விடுகிறார்களா? இல்லை. அங்கே அவளுடைய பெயர் ஏட்டிலே இருக்கிறது. இன்று போகாவிட்டால் நாளை போகலாம். கடைக்காரர் எரிந்து விழுந்தால், “என் அட்டைக்கு உள்ளதைக் கொடு” என்று கேட்கலாம். பெயர் எழுதப்பட்டவள் நடந்து போகிறாள். பெயர் எழுதப்படாதவள் ஓடுகிறாள். உரிமைக்கும் தருமத்துக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவுதான். அந்த வேற்றுமையின் விலை நான்கு உயிர்கள்.

அப்படியானால் அரசு கொடுத்தால் போதுமா? போதாது! 2005 டிசம்பர் 18 அன்று, சென்னை எம்.ஜி.ஆர். நகரில், வெள்ள நிவாரண டோக்கனுக்காக விடியுமுன் கூடியவர்களில் 42 பேர் நசுங்கி இறந்தனர். அங்கே கொடுத்தது அரசுதான். ஆனால் கொடுத்த விதம் சீமான் கொடுத்த விதம். அரசே தருமப் பிரபுவின் வேடம் பூண்டால், சாவும் அதே வழியில்தான் வரும்.

நான் ஆசிரியன். நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். ஒரு பள்ளியிலே நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா. வள்ளல் வரும்வரை இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வெயிலில் அமர்ந்திருந்தனர். வந்தார், மாலை விழுந்தது, புகைப்படம் எடுத்தனர். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை முன்னே இழுத்து, “கும்பிடு, சிரி” என்றனர். கும்பிட்டாள், சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவள் அந்த நோட்டைக் கொண்டுவரவில்லை. ஏன் என்று கேட்டேன். “அட்டையில அவரு படம் இருக்கு சார். ஓசி நோட்டுன்னு சிரிப்பாங்க” என்றாள். அதே சிறுமி, அன்று நண்பகலில், தட்டை நீட்டி, “ஆயா, எனக்கு முட்டை வைக்கல” என்று குரலை உயர்த்திக் கேட்டாள். முதல் நாள் தலை குனிந்தவள், மறுநாள் தலை நிமிர்ந்து அதட்டுகிறாள்! முட்டை அவளுடையது என்று அவளுக்குத் தெரியும். நோட்டு அவருடையது என்பதும் தெரியும்.

அந்த முட்டை வானத்திலிருந்து விழவில்லை. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவிட்டது, 1956இல் காமராசர் மாநிலப் பள்ளிகளுக்கு அதை விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார், 2022இல் காலை உணவும் வந்தது. கட்சிகள் மாறின, பந்தி கலைக்கப்படவில்லை. அன்னதானத்திலே சாதிக்கொரு பந்தி வைத்த நாட்டிலே, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்தியது தருமமா? சட்டமா?

“இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும்” என்று இயம்புவோர் உளர். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வந்து பாருங்கள், ஐயா! காலணியின் மேற்பாகத்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தைக்கும் பெண்களைப் பாருங்கள். ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. வைப்புநிதி இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, விடுமுறை இல்லை. ஊசி குத்திய விரல்களிலே எங்கே இருக்கிறது சோம்பல்? அவள் தைத்த காலணி கடல் கடந்து போகிறது. அவள் ஒரு சேலைக்குத் தெருவிலே நிற்க வேண்டியிருக்கிறது. கூலியைக் குறைத்துவிட்டுச் சேலையைக் கொடுப்பது, பசுவைக் கொன்று செருப்புத் தானம் செய்த பழைய கதையல்லவா?

பாலாற்றைப் பாருங்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதென்ற ஆய்வை எடுத்துக்காட்டி, மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 28 ஆண்டுகள் கடந்து, 2025 ஜனவரி 30 அன்று, மீண்டும் அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் ஆற்றின் சீரமைப்பையும் வலியுறுத்த வேண்டியிருந்தது! கிணற்று நீர் கெட்ட உழவனுக்கு எவரேனும் நீர்மோர்ப் பந்தல் வைத்தால், அவன் கைகூப்ப வேண்டுமா? அவனுக்குச் சேரவேண்டியது மோரல்ல, ஈடு. கடன்பட்டவன் கொடுப்பதற்குத் தானம் என்று பெயரில்லை.

“கொடையே கூடாதா? இதே ஊரில் 1919இல் எழுந்த இஸ்லாமியா கல்லூரி கொடையால் வளர்ந்ததல்லவா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தக் கொடையை மனமாரப் பாராட்டுகிறேன். அங்கே நுழைந்தவன் பிச்சைக்காரனாக நுழையவில்லை, மாணவனாக நுழைந்தான். வெளியேறியபின் மறுபடி கை நீட்டத் தேவையற்றவனாக வெளியேறினான். எந்தக் கொடை தன் தேவையைத் தானே ஒழிக்கிறதோ அது நற்கொடை. எந்தத் தானம் ஆண்டுதோறும் அதே வாசலில் அதே கூட்டத்தை எதிர்பார்க்கிறதோ, அது ஏழ்மைக்கு உரம். வெள்ளத்திலும் நெருப்பிலும் சோறு பகிர்வது மனிதக் கடமை. அதை எவரும் தடுக்கவில்லை. ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரந்து வாழும் நிலையை இயற்றியவனையே சாடினார். நம் புராணிகர்கள் முதலதை மட்டும் உரக்கப் படிக்கிறார்கள்!

நம்மவர்க்கும் ஒரு சொல். மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்துக்கு 2023இல் உரிமைத் தொகை என்று பெயரிட்டோம், பெருமை. ஆனால் நலத்திட்ட விழா என்று பந்தலிட்டு, தையல் இயந்திரத்தைவிடப் பெரிதாகப் படத்தை அச்சிட்டு, வாங்கும் விதவையை மேடையேற்றிக் கும்பிடச் செய்கிறோமே, அது எந்தச் சுயமரியாதை? முதியோர் ஓய்வூதியம் 1962இல் இங்கே தொடங்கியது. 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 ரூபாய்! இந்த உரிமையின் அளவு போதாதவரை, தருமத்தின் வாசலில் கூட்டம் குறையாது. கடவுளை மறுத்துவிட்டு வள்ளலைத் தொழுதால், நாம் மாற்றியது சிலையை மட்டுமே.

ஆகவே, இளைஞர்களே! தானம் வழங்கும் வாசலிலே வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டு நமக்கு வேண்டாம்; அந்த வரிசையே இல்லாமற்செய்யும் தொண்டு வேண்டும். உங்கள் தெருவில் ஓய்வூதியத்துக்கு மனு எழுதத் தெரியாத மூதாட்டி எத்தனை பேர்? குடும்ப அட்டையில் பெயர் விடுபட்டவர் எத்தனை பேர்? வைப்புநிதி என்றால் என்னவென்றே அறியாமல் தைப்பவர் எத்தனை பேர்? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் எடுங்கள். வீடு வீடாகச் செல்லுங்கள். எழுதுங்கள், விண்ணப்பியுங்கள், மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

அந்த நால்வரின் பெயரும் ஓர் ஏட்டில் உண்டு, இறப்புப் பதிவேட்டில். அதற்கு முன்பே எழுதப்படவேண்டிய ஏடுகள் பல இருக்கின்றன. அவற்றில் எழுதுவதே நம் வேலை.