கட்டில் காவல் அல்ல

"வயசு போனால் கால் தள்ளாடும், விழுந்து இடுப்பை முறிப்பதைவிட கட்டிலில் கிடப்பதே பாதுகாப்பு." மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பிள்ளைகள் சொல்லும் நியாயம் இது. அக்கறை உண்மை, கணக்குப் பிழை.

1. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுத்திருந்ததில் கால் தசை சராசரியாக ஒரு கிலோவரை கரைந்தது. மெலிந்த கால் தள்ளாடாதா?

2. தள்ளாட்டம் தலைவிதியா? 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு சொல்வது: உடற்பயிற்சி, வீட்டில் வாழும் முதியோர் விழும் தடவைகளை 23 சதவீதம் குறைக்கிறது.

3. "முற்றத்தில் நடக்கிறாரே, போதாதா?" போதாது. துறையில் பாதைப் படகில் ஏற ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அதைப் பழக்கினீர்களா? குசினி மேடையைப் பிடித்தபடி ஒரு காலில் பத்து விநாடி. கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், பத்துத் தடவை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

4. ஏற்கெனவே விழுந்தவரா, தலைசுற்றுகிறதா? முதலில் வைத்தியர், அடுத்தது பிசியோதெரபிஸ்ட். கட்டில் அந்தப் பட்டியலிலேயே இல்லை.