தொண்டர்கள் இல்லையா, அழைப்பவர்கள் இல்லையா?

2026 ஆம் ஆண்டைச் சர்வதேச தொண்டர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்தியுள்ளது. இவ்வாறான பிரகடனங்கள் எமது நாட்டில் மண்டபமொன்றில் மங்கள விளக்கேற்றி, சில உரைகளை நிகழ்த்துவதோடு நிறைவுபெறுவதே வழக்கம். ஆயினும், இம்முறை இவ்விடயம் குறித்துச் சற்று ஆழமாக நோக்க வேண்டிய தேவை எமக்கு ஏற்பட்டுள்ளது.

2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மலையகத்தில் மண்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. கிழக்கில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர், வெருகல், சேருவில பிரதேசங்கள் நீரில் மூழ்கின. அந்நாட்களில் சமைத்த உணவைச் சுமந்து சென்றவர்களும், படகுகளோடு வந்தவர்களும், பின்னர் கிணறுகளை இறைத்துச் சுத்திகரித்தவர்களும் எவரும் அழைத்து வந்தவர்களல்லர். தமிழ் இளைஞர்களும் முஸ்லிம் இளைஞர்களும் ஒருவரையொருவர் யாரெனக் கேளாமல் பணியாற்றினர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தைச் சிதைத்த வேளையிலும் இதுவே நிகழ்ந்தது.

அவ்வாறாயின், வெள்ளம் வடிந்த பின்னர் இந்த இளைஞர்கள் எங்கே செல்கின்றனர்? எமது கிராமங்களில் சனசமூக நிலையங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மரண உதவிச் சங்கங்கள், ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள், முதியோர் சங்கங்கள் எனப் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கோரம் இல்லாமையால் கூட்டம் ஒத்திவைக்கப்படுவதும், பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒருவரே செயலாளராக இருந்து வருவதும் சாதாரணமாகிவிட்டன. "இன்றைய பிள்ளைகளுக்குச் சமூக அக்கறை கிடையாது, கையடக்கத் தொலைபேசியே அவர்களது உலகம்" என்பது சங்கத்துப் பெரியவர்களின் வழமையான குற்றச்சாட்டாகும். மாவிலாற்று வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நின்ற பிள்ளைகளை நோக்கி இவ்வாறு கூறுவதை எம்மால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது என்றே கருதுகின்றோம்.

முதலாவதாக, தொண்டர் என்ற சொல்லே எமது பிரதேசங்களில் பெருமளவு சேதமடைந்துள்ளது. யுத்த காலத்தில் ஆசிரியர்கள் செல்ல முடியாத வடக்கு, கிழக்கின் பின்தங்கிய பாடசாலைகளில், க.பொ.த. உயர்தரம் கற்று முடித்த யுவதிகளும் இளைஞர்களும் தொண்டர் ஆசிரியர்களாகக் கடமையாற்றினர். சொற்பக் கொடுப்பனவுடனும் பல இடங்களில் அதுவுமின்றியும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்பித்தமையாலேயே அப்பாடசாலைகள் மூடப்படாதிருந்தன. சுகாதாரத் தொண்டர்களின் கதையும் இதுவே. ஆனால், யுத்தம் 2009 இல் முடிவுற்ற பின்னரும் அவர்களிற் பலர் நிரந்தர நியமனம் கோரி ஆளுநர் அலுவலகங்களின் முன்பாகவும் மாகாண சபைகளின் முன்பாகவும் வீதியில் அமர்ந்து போராட நேர்ந்தது. நேர்முகப் பரீட்சை, வரவுப் பதிவு, வயதெல்லை என ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் முன்வைக்கப்பட்டன. அரசு செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமின்றிச் செய்விப்பதற்கான பெயராகவே 'தொண்டர்' என்பது மாறிற்று. தன் தமக்கை இவ்வாறு இளமையைத் தொலைத்ததைக் கண்டு வளர்ந்த ஒருவன், சங்கத்தின் அழைப்பைச் சந்தேகத்துடன் நோக்குவதில் வியப்பேதுமில்லை.

இரண்டாவது காரணம் பகிரங்கமாகப் பேசப்படுவதில்லை. அது பெற்றோரின் அச்சமாகும். 2006 ஆகஸ்ட் மாதம் மூதூரில் பிரான்ஸைத் தலைமையகமாகக் கொண்ட தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நால்வர் பெண்கள். ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவச் சென்ற அப்பிள்ளைகளின் கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் ஊர்களிலும் சங்கம் என்ற சொல்லே அச்சத்திற்குரியதாகியது. எந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் எவர் வந்து விசாரிப்பாரோ என்று பள்ளிவாசல் நலன்புரிக் குழுக்களிலிருந்துகூட இளைஞர்கள் ஒதுங்கினர். "பொது வேலைக்குப் போகாதே" என்று ஒரு தாய் கூறுவது சுயநலத்தினாலன்று. ஆகவே, தொண்டர்களைச் சேர்க்க விரும்பும் சங்கம் முதலில் அந்த வீட்டுக்குச் சென்று தாயுடன் பேசவேண்டும். பெயர் எங்கே பதியப்படும், யார் பார்ப்பார், வேலை எத்தனை மணிக்கு முடியும், இருட்டிய பின் பெண்பிள்ளையை யார் வீட்டில் கொண்டுவந்து விடுவார் என்பவற்றுக்கெல்லாம் சங்கத்திடம் விடை இருத்தல் அவசியம். சுவரொட்டியோ ஒலிபெருக்கி அறிவித்தலோ இதனைச் செய்யமாட்டா.

எமது கண்முன்னேயே வெற்றியளித்துவரும் தொண்டர் சேர்ப்பு ஒன்று உண்டு. அது இரத்த தானம். ஒரு காலத்தில் நோயாளியின் உறவினர்கள் பதிலுக்கு இரத்தம் வழங்கவேண்டும் என்ற நிலை எமது வைத்தியசாலைகளில் இருந்தது. 2014 ஆம் ஆண்டளவில் தேசிய இரத்த மாற்றுச் சேவை அம்முறையை முற்றாகக் கைவிட்டு, எவ்வித கொடுப்பனவுமற்ற தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்து மாத்திரமே நாட்டின் தேவை முழுவதையும் பெறும் நிலையை எட்டியது. வளமிக்க நாடுகள் பலவற்றுக்கு நிகரான சாதனை இது. வேறெதற்கும் கூட்டமாகச் சேர்க்க முடியாத எமது மக்கள் இதற்கு மாத்திரம் வருவது ஏன்?

கேட்கப்படுவது என்னவென்பது தெளிவு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 50 கிலோகிராமுக்குக் குறையாத நிறை வேண்டும், எடுக்கப்படுவது சுமார் 450 மில்லிலீற்றர். ஒரு மணித்தியாலத்திற்குள் வேலை முடிந்துவிடும். பின்னர் நான்கு மாதங்களுக்கு எவரும் அவரைக் கேட்கப்போவதில்லை. எவரையும் தலைவராக்கவோ மாலையிடவோ தேவையில்லை. முகாம் அவரைத் தேடிக் கோயில் மண்டபத்திற்கும் பள்ளிவாசல் முற்றத்திற்கும் பாடசாலைக்கும் வருகின்றது. தகுதியற்றவர் மரியாதையுடன் திருப்பி அனுப்பப்படுகின்றார். வந்தவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. கொடையாளரின் அட்டையில் ஒவ்வொரு தடவையும் பதியப்படுகின்றது. அடுத்த தடவை அழைக்கப்படும்போது அவர் புதியவரல்லர். இரத்தப் பையில் வகை எழுதப்படுகின்றதே தவிர இனம் எழுதப்படுவதில்லை என்பதைக் கூறத் தேவையில்லை.

எமது சங்கங்களின் அழைப்பு இதற்கு நேர்மாறானது. "சமூகப் பணிக்கு இளைஞர்கள் முன்வர வேண்டும்" என்று அறிவித்தல் ஒட்டப்படுகின்றது. என்ன பணி, எந்த நாள், எவ்வளவு நேரம், எப்போது விடுவிப்பு என எதுவும் அதில் இல்லை. நம்பி வந்தவருக்குக் கதிரை அடுக்குவதும் பிரதம அதிதிக்குத் தேநீர் கொண்டுவருவதும் ஒப்படைக்கப்படுகின்றன. தீர்மானங்கள் யாவும் மூத்தவர்களிடமே இருக்கும். மூன்றாம் வாரம் அவர் வராவிட்டால் 'பொறுப்பற்றவர்' என்ற பட்டம் கிடைக்கும். கணக்குப் பதிவதில் வல்ல வங்கி ஊழியரையோ, இளைப்பாறிய தாதியையோ, முச்சக்கரவண்டி சாரதியையோ அவரவர்க்குரிய ஒரு வேலைக்காகப் பெயர் சொல்லி நேரிற் சென்று கேட்டால் மறுப்பவர் சிலரே.

செலவு பற்றியும் குறிப்பிட வேண்டியுள்ளது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பஸ் கட்டணமும் எரிபொருளும் எவ்வாறு உயர்ந்தன என்பதை நாம் விபரிக்க வேண்டியதில்லை. சம்பளம் பெறாதவர் தொண்டர்; கைப்பணத்தை இழப்பவரல்லர். போக்குவரத்தையும் மதிய உணவையும் வழங்க இயலாத சங்கம், மண்டபத்திற்கு மாபிள் பதிக்க நிதி திரட்டுவது விசித்திரமானது. (இதனை எழுதும்போது சில கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் எம்முடன் கோபித்துக்கொள்ளக்கூடும்.) அதேபோன்று, சிறுவர்களுடனும் தனித்து வாழும் முதியோருடனும் பணியாற்ற அனுப்பப்படுபவர் எவரென ஊரில் நான்கு பேரிடம் விசாரித்தே அனுப்பவேண்டும். ஆள் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் இது பெரும்பாலும் கைவிடப்படுகின்றது.

மூதூரையே மீண்டும் நோக்குவோம். வெள்ளம் வந்தபோது தமிழ்க் கிராமத்திற்கும் முஸ்லிம் கிராமத்திற்கும் இடையே நீர் வேறுபாடு காட்டவில்லை. ஆயினும், படகு வைத்திருப்பவர் யார், நீந்தத் தெரிந்தவர் யார், முதலுதவி பயின்றவர் யார், தனித்திருக்கும் நோயாளர் எவ்வீட்டில் உள்ளார் என்ற விபரங்கள் இரு சமூகங்களுக்கும் பொதுவான ஒரு பட்டியலில் இருந்திருப்பின் முதல் நாளின் தடுமாற்றம் குறைந்திருக்கும். மாரி மழை ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் பிற்பகுதியில் வலுப்பெறத் தொடங்குகின்றது. அதற்கு முன்னதாகவே அயற்கிராமங்களின் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்கள் ஒரு மேசையில் அமர்ந்து, கிராம உத்தியோகத்தரையும் அழைத்து, வீடு வீடாகக் கேட்டு அப்பட்டியலைத் தயாரிக்கலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு கொப்பியும், பெயர் பதியச் செல்லும் இருவருமே. அவ்விருவரில் ஒருவர் தமிழராகவும் மற்றவர் முஸ்லிமாகவும் இருந்து, இரு ஊர்களுக்கும் சேர்ந்தே செல்வாராயின் கதவுகள் இலகுவில் திறக்கும் என்பது எமது எண்ணம்.