சென்சாரை மாத்து! சென்சாரை மாத்து!

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. எஞ்சினியரிங் முடிச்சுட்டு பொட்டி தட்டுற கோஷ்டி. ஊர் சேலம் அம்மாபேட்டை. இது மெக்கானிக்குகளைத் திட்டுற பதிவும் இல்லை, கடைசி வரைக்கும் படிச்சா புரியும்.

கார் டேஷ்போர்டுல மஞ்சளா எஞ்சின் படம் போட்ட விளக்கு எரியுது. ஒர்க்‌ஷாப்புக்குப் போறீங்க. பையன் ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனரைச் சொருகுறான். "பி0131, ஆக்ஸிஜன் சென்சார், லோ வோல்டேஜ்" அப்படின்னு வருது. அடுத்த நிமிஷம் தீர்ப்பு: "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." எத்தனை செலவுன்னு கேட்டா சில ஆயிரங்கள்.

மக்களே, அந்த ஸ்கேனர் "சென்சார் போயிடுச்சு"ன்னு சொல்லவே இல்லை. சென்சார் கிட்டேயிருந்து வர்ற வோல்டேஜ் குறைவா இருக்குன்னு மட்டும்தான் சொல்லுச்சு. இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுலதான் உங்க பர்ஸ் காலியாகுது.

எங்க ஏரியா ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். விசைத்தறியில ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுடும். நூல் இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்க்க ஒரு சின்ன கம்பி முள்ளு இருக்கு. தறி நின்னுச்சுன்னா எந்த நெசவாளியாவது அந்த முள்ளைக் கழட்டி எறிஞ்சுட்டு புது முள்ளு வாங்குவாரா? முதல்ல நூலைப் பார்ப்பார். கம்ப்யூட்டர்காரங்களுக்கு வேணும்னா இப்படி: எர்ரர் மெசேஜை பிரிண்ட் பண்ற வரியை மாத்தி எழுதிட்டு, பக் சரியாயிடுச்சுன்னு மேனேஜருக்கு மெயில் போடறது. :-)

இந்த சென்சார் என்ன பண்ணுது? சைலன்சர் பாதையில உட்கார்ந்து, வெளிக்காத்துல இருக்கிற ஆக்ஸிஜனையும் புகையில மிச்சம் இருக்கிற ஆக்ஸிஜனையும் ஒப்பிட்டு ஒரு வோல்டேஜ் கொடுக்குது. உள்ளே இருக்கிறது சிர்கோனியா பீங்கான். 1976-ல் போஷ் தயாரிச்சு வால்வோ கார்கள்ல வந்த பழைய சரக்குதான். புகையில ஆக்ஸிஜன் அதிகம்னா 0.1 வோல்ட் பக்கம், பெட்ரோல் அதிகம்னா 0.9 வோல்ட் பக்கம். நல்ல எஞ்சின்ல இது ரெண்டுக்கும் நடுவுல ஓயாம ஆடிக்கிட்டே இருக்கும். ஆட்டம் நின்னு கீழேயே படுத்துக்கிட்டா பி0131. (சில புது கார்கள்ல வைட்பேண்ட் வகை இருக்கு, அதுக்குக் கணக்கு வேற. நான் சொல்றது நாலு வயர் பழைய வகைக்கு.)

சரி, கீழேயே ஏன் படுக்குது? எஞ்சினுக்கு நிஜமாவே பெட்ரோல் பத்தாம இருக்கலாம்: பம்ப் அழுத்தம் குறைஞ்சிருக்கும், இல்லைன்னா இஞ்செக்டர் அடைச்சிருக்கும். கணக்குல வராத காத்து ஏதாவது ரப்பர் ஹோஸ் விரிசல் வழியா உள்ளே போகலாம். சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் பாதையில ஓட்டை இருந்தா, புகை அலை அலையா போறப்ப நடுவுல வெளிக்காத்தை இழுக்கும், சென்சார் ஏமாந்து போகும். சிக்னல் வயர் சூட்டுல உருகி பாடியில தொட்டாலும் வோல்டேஜ் சுழிதான். எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு: ஸ்பார்க் பிளக் சரியா அடிக்காத சிலிண்டர். அங்கே எரியாத பெட்ரோல் வெளியே போகுது, ஆனா எரியாத ஆக்ஸிஜனும் சேர்ந்து போகுதே! சென்சாருக்கு ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். "பெட்ரோல் பத்தலை"ன்னு கத்தும். இத்தனைக்கும் அப்புறம்தான் சென்சார் நிஜமா செத்துப்போன கேஸ் வருது.

இதுல ஒரு கூத்து. சென்சாரைக் கொல்றதுல ஒர்க்‌ஷாப்புக்கே பங்கு உண்டு. கேஸ்கெட்டுக்கு அப்பி விடற சாதாரண சிலிக்கான் பசையோட ஆவி எஞ்சினுக்குள்ள போய் எரிஞ்சு, சென்சார் முனையில பூச்சு மாதிரி படிஞ்சு அதைக் குருடாக்கிடும். அதனாலதான் சில பசை டியூபுல சென்சாருக்குக் கெடுதல் இல்லைன்னு தனியா அச்சடிச்சிருக்கான். யார் படிக்கிறா?

எங்க எதிர்வீட்டு அண்ணன் நாலு தறி ஓட்டுறார். அவரோட பழைய சின்ன காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்புல (பேர் வேண்டாம்) இந்த சென்சாரை மாத்தினாங்க. மூணே வாரம், மறுபடி விளக்கு. "இந்த பீஸ் டூப்ளிகேட்டா இருக்கும்ண்ணா"ன்னு இன்னொண்ணு மாத்தினாங்க. மறுபடி விளக்கு. மூணாவது வாட்டி என்கிட்ட வந்தார். ஆன்லைன்ல வாங்கின குட்டி புளூடூத் ஸ்கேனரை மாட்டினேன். எஞ்சின் சூடான பிறகு ஐடிலிங்ல ஃபியூயல் ட்ரிம் 25 சதவீதத்தை ஒட்டி. அதாவது ஈசியூ வழக்கத்தைவிடக் கால்வாசி அதிகமா பெட்ரோலை ஊத்துது, சென்சார் இன்னமும் "பத்தலை பத்தலை"ங்குது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏத்தினா ட்ரிம் கிட்டத்தட்ட நார்மலுக்கு வருது. ஐடிலிங்ல மோசம், வேகத்துல சரின்னா காத்துக் கசிவு மேலதான் முதல் சந்தேகம். தலைகீழா இருந்தா பம்பையும் ஃபில்டரையும் பார்க்கணும்.

இன்டேக் பக்கம் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சேன் (சூடான சைலன்சர் மேல படக்கூடாது, தீப்பிடிக்கும்). ஒரு ஹோஸ் வளைவுல அடிச்ச உடனே எஞ்சின் சத்தம் மாறுச்சு, சென்சார் வோல்டேஜ் 0.8-க்கு எகிறுச்சு. ஒரே அடியில ரெண்டு விடை: கசிவு இங்கே, சென்சாருக்கு உயிர் இருக்கு. கைநீள ரப்பர் ஹோஸ் மாத்தினதோட முடிஞ்சது.

வயர் மேல சந்தேகம்னா அதுக்கும் சுலபமான வழி இருக்கு. சென்சார் கனெக்டரைக் கழட்டிட்டு ஸ்கேனரைப் பாருங்க. பெரும்பாலான ஈசியூக்கள்ல அப்போ 0.45 வோல்ட் பக்கம் காட்டணும். கழட்டின பிறகும் சுழின்னா கோளாறு வயர்லயோ ஈசியூவிலயோ. புது சென்சார் மாட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொரு கோஷ்டி இருக்கு, "கோடை அழிச்சிட்டேன் சார், விளக்கு அணைஞ்சிடுச்சு". கோளாறு வந்த நொடியில வேகம், சூடு, லோடு எவ்வளவுன்னு ஈசியூ ஒரு படம் பிடிச்சு வெச்சிருக்கும். கோடை அழிச்சா அதுவும் போச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள கைரேகையைத் துடைச்ச மாதிரி. ஓட்டை சைலன்சர்னால பொய்யா "பத்தலை"ன்னு வந்த கேஸ்ல, விளக்கை அணைச்சுட்டு ஓட்டினா எஞ்சின் தேவைக்கு மேல பெட்ரோல் குடிச்சு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டே கொல்லும். அதோட விலைக்கு முன்னாடி சென்சார் விலையெல்லாம் ஜுஜுபி.

இப்போ புது சாக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு: "எல்லாம் இ20 பெட்ரோல்னால சார்." எத்தனால்ல ஆக்ஸிஜன் இருக்கறதால அதே காத்துக்குக் கொஞ்சம் அதிக எரிபொருள் வேணும், உண்மைதான். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா இ20-க்கு 13.5 பக்கம். வித்தியாசம் எட்டு, ஒன்பது சதவீதம். இ10-ல இருந்து மாறினா அதுல பாதி. மைலேஜ் குறையும்னு நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையே சொல்லுது, அந்த சண்டை தனி. ஆனா ட்ரிம் 25-ல நிக்கறதுக்கு இ20 மேல பழி போட்டா கணக்கு உதைக்குது. ஏற்கெனவே கசிவு இருக்கிற காரை எல்லை தாண்ட வைக்கலாம், அவ்வளவுதான்.

இனி மெக்கானிக் பக்கம். ஒரு மணி நேரம் தேடி ஹோஸ் விரிசலைக் கண்டுபிடிச்சா அவருக்கு என்ன கொடுப்போம்? "ஹோஸ் தானே மாத்தினே, இதுக்கா இவ்ளோ?" சென்சார் மாத்தினா மட்டும் பில்லைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுக் கொடுப்போம். கண்டுபிடிக்கிறதுக்குக் கூலி இல்லாத ஊர்ல யாரு கண்டுபிடிப்பா?

அதைவிடப் பெரிய பாவம் கார் கம்பெனிகளோடது. வயரிங் படம், ரிப்பேர் மேனுவல், முழு ஸ்கேனர் எல்லாத்தையும் தங்களோட டீலருக்கு மட்டும்னு பூட்டி வெச்சாங்க. 2014 ஆகஸ்ட்ல போட்டி ஆணையம் (சிசிஐ) இதுக்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டு, உதிரிபாகமும் கருவியும் தகவலும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கிடைக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அப்புறம் அப்பீல். 2016-ல தீர்ப்பாயம் மூணு கம்பெனி விஷயத்துல தப்பு தப்புதான்னு சொல்லி, அபராதத்தை மட்டும் குறைச்சுது. 2022-ல மத்திய அரசு "ரிப்பேர் உரிமை"ன்னு கமிட்டி போட்டு இணையதளமும் திறந்துச்சு. எங்க பட்டறைப் பையன் கையில இன்னமும் கோடை மட்டும் படிக்கிற மலிவு ஸ்கேனர்தான். எந்த வயர் எங்கே போகுதுன்னு படமே பார்க்காத பையன் "மாத்திடலாம் சார்"னு சொல்லாம வேற என்ன சொல்லுவான்?

அடுத்த வாட்டி உங்களுக்கு பி0131 வந்தா, சோதிக்கிறதுக்குத் தனியா காசு தர்றேன்னு முதல்லயே சொல்லிடுங்க. கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேனர் திரையை செல்போன்ல படம் எடுத்துக்கோங்க. ஃபியூயல் ட்ரிம் எவ்வளவுன்னு கேளுங்க. முழிச்சார்னா வேற பட்டறை. அப்படியும் சென்சாரை மாத்தியே ஆகணும்னா, கழட்டின பழசை ஒரு கவர்ல போட்டு வாங்கிட்டு வந்துடுங்க. பாதி நேரம் அது நல்லாத்தான் இருக்கும்.