பதினொன்றாம் வகுப்பில் நின்றுபோகும் முட்டை

அம்மையார்குப்பம் மாதிரி ஊர்களில் கபடி ஆடும் பையன்களிடம் இப்போது நான்கு எழுத்தைச் சொல்லி ஒரு டப்பாவை விற்கிறார்கள். பிசிஏஏ. சோறும் பருப்பும் போதாத உடம்புக்கு ஆரஞ்சு வாசனைப் பொடி. இதை அறிவியல் என்று சொல்லாதீர்கள், வியாபாரம் என்று சொல்லுங்கள்.

எங்களுடையது தறி ஊர். கூலி வாரக் கணக்கு. அந்தக் கூலியிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு பையன் திருத்தணிக்கு பஸ் ஏறுகிறான். காரணம், சீனியர் ஒருத்தர் சொல்லிவிட்டார்: "தம்பி, இத போடு, பாடி டயர்டே ஆகாது."

உள்ளே இருப்பது லூசின், ஐசோலூசின், வேலின். நம் உடம்பால் செய்ய முடியாமல் சாப்பாட்டில் இருந்தே வந்தாகவேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அதில் மூன்றுதான் இவை. லூசின் தசைக்குள் 'புரதம் கட்டு' என்று சுவிட்சைத் தட்டுகிறது, அது உண்மை. ஆனால் மீதி ஆறு எங்கே? பாவு இல்லாத தறிக்கு மோட்டாரைப் போட்டால் சத்தம்தான் வரும், துணி வராது. பிசிஏஏ மட்டும் குடித்தால் தசை வளரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று ராபர்ட் வுல்ஃப் 2017-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். மீதி ஆறையும் உடம்பு தன் தசையை உடைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்போ எல்லாமே டுபாக்கூரா?" இல்லை. கிரியேட்டின், பீட்டா-அலனின் இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருப்பதாக சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 2018 அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது நன்றாகத் தின்று, தூங்கி, ஒழுங்காகப் பயிற்சி எடுப்பவருக்குக் கடைசியில் கிடைக்கும் சின்ன லாபம். பசியை அது ஈடுகட்டாது.

கணக்குப் போடுவோம். நாலு முட்டையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். அதில் இந்த மூன்று அமிலங்கள் மட்டும் சுமார் 5 கிராம். ஒரு ஸ்கூப் பொடியிலும் பெரும்பாலும் அவ்வளவுதான்! முட்டையில் மீதி ஆறும் கூடவே வருகிறது. முட்டை சேராத வீடு என்றால், அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு தரும், பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தரும். நம் சாம்பார் சாதத்துக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, அவ்வளவுதான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு தவறு. சிலவற்றில் பூஞ்சை நஞ்சு. தடை செய்யப்பட்ட பொருள் ஏதாவது கலந்திருந்து சோதனையில் மாட்டினால், "எனக்குத் தெரியாது சார்" என்று தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு என்பது ஊக்கமருந்துத் தடை விதி. போவது பையனின் பெயர், விற்றவனின் பெயர் அல்ல.

உண்மையில் கோபம் வரவேண்டிய இடம் வேறு. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் இன்று பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். பதினொன்றாம் வகுப்பில் காலடி வைத்ததும் தட்டு காலி. ஆட்டம் சூடுபிடிக்கிற, எலும்பும் தசையும் வேகமாக வளர்கிற வயதில் அரசு கையை விடுகிறது. அந்த இடைவெளிக்குள்தான் டப்பாக்காரன் கடை போடுகிறான்.

ஏசி ஆபீஸில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஜிம்மில் ஷேக்கரைக் குலுக்கி ரீல்ஸ் போடும் நம் ஐடி கூட்டம்தான் அவனுக்கு இலவச விளம்பரம். நமக்குப் போவது பணம் மட்டும். தறி வீட்டில் போவது ஒரு மாத முட்டையும் பாலும்.

ஆகவே கேட்க வேண்டியது எளிமையானது: அரசுப் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கும் சத்துணவும் முட்டையும் வேண்டும். மைதானத்துக்கு வரும் பிள்ளைகளிலிருந்தாவது தொடங்கட்டும். அதுவரைக்கும் மாஸ்டர்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் டயர்டாக இருக்கிறது என்று வந்தால் டப்பா பெயரைச் சொல்லாதீர்கள். "காலையில என்னடா சாப்ட்ட?" என்று கேளுங்கள்.