டீ போடவே போனை வைக்காதவன் தோட்டா நிரப்பினால்..?

அமெரிக்காவில் சில வீடுகளின் கார் ஷெட்டில் ஒரு மேஜை, ஒரு கைப்பிடி அழுத்தி, ஒரு குட்டித் தராசு இருக்கும். தராசில் நிறுப்பது மிளகாய்த்தூள் இல்லை, வெடிமருந்து! சுட்டு முடித்த காலித் தோட்டாவை மறுபடி நிரப்பும் இந்தப் பொழுதுபோக்குக்கு 'ரீலோடிங்' என்று பெயர். அங்கே சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ளப் பொதுவாகத் தடையில்லை. நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் நமக்கு இது படிக்க மட்டும்தான்!

பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு... ஒரு தோட்டா என்பது இவ்வளவுதான். சுட்ட பிறகு உருப்படியாக மிஞ்சுவது கூடு மட்டும். அதைத் தூக்கிப்போட மனசு வராமல்தான் பலர் ஆரம்பிக்கிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிப் பருப்பு போட்டு வைக்கும் நம் அம்மாக்களின் அதே புத்தி! காசு மிச்சமாகிறதா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுகிறார்களாம்.

இந்தத் தொழிலில் பிரபலமான ஆர்.சி.பி.எஸ் கம்பெனியை, 1943-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் என்பவர் ஆரம்பித்தார். 'ராக் சக்' என்பது பாறை இடுக்கில் வாழும் ஒருவகை பெரிய அணில். அதை வேட்டையாட அவர் செய்த குண்டு அச்சின் பெயர்தான் கம்பெனியின் பெயராகச் சுருங்கியது.

புதிதாக வருபவரிடம் அனுபவசாலிகள் முதலில் வாங்கச் சொல்வது மெஷின் இல்லை, புத்தகம். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சோதித்து எழுதிய அட்டவணைகள் அதில் இருக்கும். அதில் உள்ள குறைந்த அளவில்தான் ஆரம்பிக்க வேண்டும். அளவு 'கிரெயின்' கணக்கு. ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின். நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணியைவிடச் சின்ன எடை!

பயம் எங்கே என்றால், கைத்துப்பாக்கித் தோட்டாவில். சில வகை மருந்து கூட்டில் பாதிகூட நிரம்பாது. கவனம் பிசகி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கியே கையில் வெடிக்கலாம். ஊற்ற மறந்தால் இன்னொரு வினை. பிரைமரின் வேகத்தில் மட்டும் நகர்ந்த குண்டு குழாய்க்குள் சிக்கி நிற்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும்.

அதனால் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. டி.வி கிடையாது, பேச்சு கிடையாது, போன் வேறு அறையில். குண்டை வைத்து மூடும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஒரு டீ போடுவதற்குள் மூன்று முறை போனைப் பார்க்கிற எனக்கு இது சுத்தமாக ஒத்துவராது.

கண்ணாடி கட்டாயம். பழைய பிரைமர் தூசியில் ஈயம் இருக்கும் என்பதால் அங்கே வைத்து எதையும் சாப்பிடக் கூடாது, குழந்தைகளுக்கு அனுமதியில்லை, முடித்ததும் கைகழுவ வேண்டும்.

தப்பாக நிரப்பியதைப் பிரிக்கவும் சுத்தியல் மாதிரி ஒரு கருவி விற்கிறது. 50 தோட்டா நிரப்பிய பிறகு, 'ஏதோ ஒன்றில் இரண்டு முறை ஊற்றிவிட்டேனோ' என்று சந்தேகம் வந்தால்? ஐம்பதையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரிக்க வேண்டியதுதான்.