சிறுநீரக நோய்க்கு எந்த ஊர் டாக்டர்?

மும்பையில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஊர் ஞாபகம் வருகிறது. காய்ச்சல், இருமல் என்றால் தெருமுனை டாக்டர் போதும். கொஞ்சம் பெரிய வியாதி என்று தெரிந்துவிட்டால், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறோம். அங்கே நம் மொழி பேசும் டாக்டர் இருக்கிறார். பக்கத்தில் இருந்து கவனிக்க உற்றார் இருக்கிறார்கள். கண்புரை, குடலிறக்கம் போன்ற கோளாறுகளுக்கு இந்த வழக்கம் சரிதான். போனோம், செய்துகொண்டோம், திரும்பினோம் என்று முடிந்துவிடும் காரியங்கள் அவை.

ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோய் அப்படி முடிகிற காரியம் அல்ல. அது ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் வியாதி. அதற்குரிய டாக்டர், நோயாளி வசிக்கிற ஊரில், லோக்கல் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்ச் சேரும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இதை நம் மக்கள் தாமதமாக உணர்வதால்தான் பல குடும்பங்கள் வீணாக அல்லற்படுகின்றன என்பது எனது கருத்து.

சத்தம் போடாத வியாதி

சிறுநீரகம் கெடுவது வெளியே தெரிவதில்லை. வலி கிடையாது. கால் வீக்கம், வாந்தி, மூச்சு வாங்குதல் என்று அறிகுறிகள் தோன்றும்போது பெரும்பகுதி கெட்டுப் போயிருக்கும். ஆகவே பரிசோதனை ஒன்றே வழி. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களும், இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் நெடுங்காலமாக மாத்திரை விழுங்குகிறவர்களும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்வது அவசியம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரத்தத்தில் கிரியாட்டினின். மற்றொன்று, சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் கசிகிறதா என்பது. நம்மில் பலர் கிரியாட்டினினை மட்டும் பார்த்துவிட்டு, லேபாரட்டரிச் சீட்டில் எண் சற்றுத்தான் கூடியிருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். சிறுநீரகத்தின் வேலை ஏறக்குறையப் பாதி குறைந்த பிறகுதான் அந்த எண் ஏறத் தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த எண்ணையும் வயது, ஆண், பெண் என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். கிரியாட்டினின் 1.4 என்று இருவருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கு அது ஏறக்குறைய 70 என்ற வடிகட்டும் திறனைக் குறிக்கும். 60 வயதுப் பெண்ணுக்கோ அதே 1.4 என்பது 45-க்கும் கீழே. இந்தத் திறனை ஜி.எப்.ஆர். என்பார்கள். 60-க்குக் குறைவாக 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட நோய் என்று பொருள். 60-க்கு மேல் இருந்தாலும் புரதக் கசிவு 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதுவும் இந்த நோய்தான். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகத்துக்கான காலம் நெருங்குகிறது. எனவே கிரியாட்டினின் எத்தனை என்று கேட்பதோடு நிற்காமல், "என் ஜி.எப்.ஆர். எத்தனை?" என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

யார் சரியான டாக்டர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கல், அடைப்பு, புராஸ்டேட் போன்றவற்றுக்குக் கத்தி பிடிக்கிறவர் யூராலஜிஸ்ட். சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயல் இழப்பதை மருந்தினால் கவனிக்கிறவர் நெப்ராலஜிஸ்ட். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர். ஜி.எப்.ஆர். 30-க்குக் கீழே இறங்கினாலும், சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போனாலும், எண் வேகமாக இறங்கினாலும் அவரிடம் போகாமல் காலம் கடத்தக் கூடாது. அதற்கு முந்திய நிலையில் நல்ல பொது மருத்துவர் ஒருவரே போதுமானவர்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களை மட்டும் வைத்து டாக்டரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ரத்தக் கொதிப்பைத் தாமே பார்க்கிறாரா? வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாரா? ஜி.எப்.ஆர். எண்ணைச் சீட்டில் எழுதி, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறாரா? டயாலிசிஸ் தேவைப்படக்கூடும் என்றால் அதைக் கடைசி நிமிஷம்வரை மறைக்காமல் முன்கூட்டியே பேசுகிறாரா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் தமிழ் பேசாவிட்டாலும் குறையில்லை.

மாறாக, "மூன்றே மாதத்தில் பூரண குணம்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் விலகி நில்லுங்கள். இழந்துபோன பகுதி பெரும்பாலும் திரும்பாது. மீதி இருப்பதைக் காப்பாற்றுவதே வைத்தியம். அந்த வைத்தியம் இப்போது முன்னைவிட வலுவாகவே இருக்கிறது. டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்ற மருந்துகள் கொதிப்பைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. சர்க்கரை வியாதிக்காக வந்த டாபாகிளிப்ளோசின், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளிலும் பலருக்குப் பலன் தருகிறது என்று 2020-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் வெகுவாக இறங்கியது.

பக்கத்தில் ஏன் இருக்க வேண்டும்?

இங்கேதான் ஊர்ப் பயணம் பிசகுகிறது. டெல்மிசார்ட்டன் போன்ற மருந்தைத் தொடங்கினால் சில வாரங்களுக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தாக வேண்டும். கடும் வயிற்றுப்போக்கு வந்தால் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே கேட்டாக வேண்டும். நோயின் நிலையைப் பொறுத்து 6 மாதத்துக்கு ஒரு முறை, 3 மாதத்துக்கு ஒரு முறை, பின்னர் மாதா மாதம் என்று போக வேண்டியிருக்கும். தாதரில் ஏறித் திருநெல்வேலியில் இறங்க ஒன்றரை நாள் ஆகிறது. தினக்கூலி வாங்கும் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்படிப் போய்வர முடியுமா? முடியாது. ஆகவே பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டி, அதே மாத்திரையை ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று வாங்கிச் சாப்பிடுகிறார். நிலைமை மாறியிருக்கும், சீட்டு மாறியிருக்காது.

டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வாரத்துக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் என்பது வழக்கமான முறை. அதற்கு முன்பே கையில் ரத்தக் குழாய்களை இணைத்து பிஸ்டுலா செய்துகொள்ள வேண்டும். அது முதிர்ந்து உபயோகப்பட வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். முன்யோசனை இல்லாதவர் அவசரத்தில் கழுத்தில் குழாய் போட்டுக்கொள்ள நேரிடுகிறது. காய்ச்சலும் கிருமித் தொற்றும் அதன் பின்னாலேயே வருகின்றன. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருப்பவரும், அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பதிவுக்கு மாநில வசிப்பிடச் சான்று கேட்கும் நிபந்தனையைக் கைவிடுமாறு 2023-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வெளிமாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

வேலூரின் புகழைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1971-ல் இந்தியாவில் மாற்றுச் சிறுநீரக அறுவை முதன்முதலாக வெற்றி கண்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். ஆனால் அதற்கு முன்பு, 1965-ல், நாட்டிலேயே முதல் முயற்சியைச் செய்தது நம் பக்கத்தில் பரேலில் இருக்கும் கே.இ.எம். ஆஸ்பத்திரி. அந்த நோயாளி பிழைக்கவில்லை என்றாலும் இந்நகரத்து டாக்டர்கள் இத்துறைக்குப் புதியவர்கள் அல்லர் என்பதற்கு அது சாட்சி. மாநகராட்சியின் கே.இ.எம்., சயான், நாயர் ஆஸ்பத்திரிகள் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் எட்டிய தூரத்தில் இருக்கின்றன. இரண்டாவது அபிப்பிராயம் கேட்க ஒரு தடவை வேலூருக்கோ சென்னைக்கோ போய் வாருங்கள், தவறில்லை. அங்கே எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்து இங்குள்ள டாக்டர் கையில் கொடுங்கள். வண்டி ஓட்டுகிறவர் ஒருவராக இருக்கட்டும்.

பணத்துக்கு வழி

தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவிகளைக் கேள்விப்பட்டு இங்கே பலர் ஏங்குகிறார்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே செய்யும் டயாலிசிசுக்கான பைகள் நோயாளியின் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகின்றன. ஆனால் அது அங்கே வசிக்கும் மக்களுக்காக அந்த அரசு செய்வது. நாம் வசிப்பது மகாராஷ்டிரத்தில். இங்கே மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய யோஜனாவில் டயாலிசிஸ் அடங்கும். அதற்கு இந்த மாநிலத்து ரேஷன் கார்டோ வசிப்பிடச் சான்றோ வேண்டும். இருபது ஆண்டு இங்கே உழைத்தும் ஊரில் ஒரு கார்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் திகைத்து நிற்கிறார்கள். கார்டுக்கு அலைவதற்குரிய காலம் உடம்பு நன்றாக இருக்கும் காலமே. ஆஸ்பத்திரியில் 'ஆரோக்கிய மித்ரா' என்ற ஊழியரிடம் விவரம் கேட்கலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அதன் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருக்கிறது. தொடர்ந்து 2 ஆண்டு வேலையில் இருந்து, உரிய சந்தா செலுத்தியவருக்கு, வழக்கமான 91 நாள் உதவி முடிந்த பிறகு சம்பளத்தில் 80 சதவிகிதம் நீட்டித்துக் கிடைக்க வழி இருக்கிறது. வியாதி என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு வேலையை விட்டுவிடுகிறவர்கள் இந்த உரிமையைத் தாமே தூக்கி எறிகிறார்கள். மத்திய அரசு குமாஸ்தாக்களுக்கு சி.ஜி.எச்.எஸ். இருக்கிறது. இவை தானமல்ல. நம் சம்பளத்தில் பிடித்த பணமும் நாம் கட்டிய வரியும்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது

டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒதுக்கினாலே உப்பு கணிசமாகக் குறையும். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கக் கூடாது. "சிறுநீரகத்துக்குக் குளிர்ச்சி" என்று உறவினர் வாங்கிவரும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நோய் முற்றியவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரம் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். சீட்டுகள், பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பைலில் வைத்திருங்கள். மொழி தெரியாத இடத்தில் அந்த பைல்தான் உங்களுக்காகப் பேசும்.

மொழி என்று சொல்லும்போது நமது அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும், மகிழ்ச்சியே. அதோடு ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியிலும் செம்பூரிலும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரும் பார்க்க ஏற்பாடு செய்தால் என்ன? மராத்தியும் இந்தியும் தெரிந்த நம் இளைஞர்கள் இரண்டு பேர் வாரத்தில் ஒரு காலைப்பொழுது சிறுநீரகப் பிரிவின் வாசலில் நின்று, புதிதாக வந்தவருக்குச் சீட்டு எடுக்க உதவினால் எத்தனை பேர் ஊருக்கு ஓடாமல் இங்கேயே வைத்தியத்தைத் தொடர்வார்கள்! டாக்டர் சொல்வது புரியாததால்தான் பாதிப் பேர் அடுத்த தடவை போவதில்லை.

பிழைப்புக்காக இந்த நகரத்தை நம்பினோம். பிள்ளைகளின் படிப்புக்கும் நம்பினோம். உடம்பையும் இங்கேயே ஒரு டாக்டரிடம் நம்பி ஒப்படைப்பதில் தயக்கம் எதற்கு? சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர்கள் இந்த மாதச் சம்பளம் வாங்கியதும் முதல் காரியமாக அந்த இரண்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.